வாயு வெளியேற்று

கப்பல் கட்டும் தளத்தில் அவளைத் தகட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவளே திரும்பிப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம். போர்க்கப்பலுக்குள் இருக்கிற ஒவ்வொரு கதவுக்கும் வால்வுக்கும் பொத்தானுக்கும் பக்கத்தில், அது இன்னது என்று சொல்கிற சின்னப் பெயர்த் தகடு ஒன்று திருகி வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தகடுகளில் எழுத்து வெட்டுவது அவள் வேலை. பெயிண்ட் கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் இரண்டு மிஷின், ஒரு ஸ்டூல். மேலே சிவப்பும் அடியில் வெள்ளையுமாக இருக்கும் பிளாஸ்டிக் தகட்டில் ஊசி ஓடினால் சிவப்பு சுருள் சுருளாகப் பிரிந்து வெள்ளை எழுத்து தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவள் தலையில் சிவப்புத் தூள் ஒட்டியிருக்கும். ஐம்பத்தொரு வயதில் நரைத்த முடிக்கு அது சாயம் பூசினமாதிரி இருக்கிறது என்று வாசல் காவலர் தினமும் கிண்டல் செய்வார். அவளும் தினமும் புதிதாகக் கேட்கிறமாதிரி முறைப்பாள்.

பத்தொன்பது வயதில் தளத்துக்குள் வந்தவள். முதலில் கப்பலின் வெளிப்புறத்தில் பலகையில் தொங்கிக்கொண்டு, தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று காட்டும் எண்களைப் பெயிண்டில் எழுதினாள். இடையில் கல்யாணம் ஆனது. ஏழாவது மாதம் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை; கேட்டவர்களும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. எட்டு வயது இளைய தம்பியைப் படிக்கவைத்து, குழாய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்த்துவிட்டு, அவனுக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் அவள்தான். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தம்பி மனைவி அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். அந்தப் பெண்ணின் அண்ணனும் இதே தளத்தில் எஞ்சின் ஃபிட்டர். தம்பியும் அந்த மச்சானும் டீ குடிக்கப் போனால்கூடச் சேர்ந்துதான் போவார்கள். எதற்கு இரண்டு பேருக்கு இரண்டு வீடு, ஒரே வீட்டில் இருந்துவிடுங்களேன் என்று தகட்டக்கா திட்டுவாள்.

அப்போதுதான் அரசாங்கத்தின் புதுக் கொள்கை வந்தது. இனிப் போர்க்கப்பலை வெளியே வாங்குவதில்லை, நாமே கட்டுவோம். கப்பலில் போகும் பொருள்களில் நூற்றுக்கு அறுபது உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும். நல்ல எண்ணம்தான், அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் எதில் அறுபது? விலையில் என்றால் எஞ்சினும் பீரங்கியும் ராடாரும் முக்கால்வாசியை விழுங்கிவிடும். மூன்றும் வெளியிலிருந்து வருபவை. எடையில் என்றால், இரும்பே வெளியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு ஏதோ ஒரு அலுவலகத்தில் ஏதோ ஒரு புத்திசாலி 'எண்ணிக்கையில்' என்று எழுதி முடித்துவிட்டார். அதன்படி எஞ்சினும் ஒரு உருப்படி, கதவுக் கைப்பிடியும் ஒரு உருப்படி.

ஒரு கப்பலுக்கு நாற்பதாயிரம் உருப்படி. அப்படி எண்ணிப் பார்த்தும் முப்பத்து மூன்றைத் தாண்டவில்லை. அறுபது வராவிட்டால் அடுத்த இரண்டு கப்பலும் இந்தத் தளத்துக்குக் கிடையாது. பட்டியலைப் புரட்டிய யாரோ ஒருவர் கண்ணில் அப்போது பட்டதுதான் பெயர்த் தகடு. வெளிநாட்டுக் கருவிகளோடு அவர்கள் மொழியிலேயே தகடுகளும் வந்து இறங்கியிருந்தன, மொத்தம் பதினோராயிரத்து நானூறு. அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டு, நம் மொழியில் வெட்டி மாட்டினால் கணக்கு அறுபத்திரண்டுக்கு ஏறும். ராடார் வேண்டாம், பீரங்கி வேண்டாம், தகட்டக்கா போதும்.

நாலு மாதம் கெடு. அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத கொட்டகைக்கு மேலாளரே வந்து, "எப்படியாவது முடிச்சுக் குடுத்துடும்மா" என்றார். அந்நிய எழுத்து இருபத்தாறுக்கும் பித்தளை அச்சு மிஷினோடு வந்தது. நம் எழுத்து இருநூற்றுச் சொச்சத்துக்கு எவன் அச்சு செய்து வைத்திருக்கிறான்? அவளே ஒவ்வொன்றாக வரைந்து, பித்தளையில் அறுத்து, அரத்தால் ராவி எடுத்தாள். ஞ அவள் உயிரை வாங்கியது. சின்னதாக வெட்டினால் சுழிக்குள் தூள் அடைத்து, படிக்கவே முடியாமல் போனது. ஏழு தடவை மாற்றி வரைந்து கடைசியில் ஒரு ஞ-வை அடக்கினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தம்பியிடம், "இந்த மொழிய உண்டாக்கினவன் கையில கெடச்சா நாலு கேள்வி கேப்பேன்டா" என்றாள். ஆனால் குரலில் பெருமை இருந்தது. அவள் வாழ்க்கையில் மிக நல்ல நாலு மாதம் அதுதான் என்று பின்னால் நினைத்துப் பார்க்கையில் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

எந்தப் பொருளுக்கு எந்தச் சொல் என்று பட்டியல் கொடுக்க மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரியை அனுப்பியிருந்தார்கள். ஆட்கள் அவருக்கு அகராதி என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு இருக்கிற இரண்டு அர்த்தமும் அவருக்குப் பொருந்தியது. பட்டியலில் எஞ்சின் அறை ஃபேனுக்கு நேரே 'வளிபெயர்ப்பி' என்று இருந்தது.

"ஃபேன்னே போட்டா என்ன சார்? எல்லாருக்கும் தெரியுமே."

"ஃபேன் நம்ம சொல்லாம்மா?"

"அப்ப காத்தாடின்னாவது போடலாமே."

"போர்க்கப்பல்ல காத்தாடியா? நல்லா இருக்கும்மா நீங்க சொல்றது."

வளிபெயர்ப்பி என்றே வெட்டினாள்.

எஞ்சின் அறை வாசலுக்கு வெளியே சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கும், அதற்குள் ஒரு கைப்பிடி. எஞ்சின் அறையில் தீப்பிடித்தால், ஆட்கள் எல்லோரும் வெளியே வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கைப்பிடியை இழுக்க வேண்டும். பக்கத்து அறையில் இருக்கும் நாற்பது சிலிண்டரிலிருந்து கரியமில வாயு உள்ளே பாய்ந்து நிரம்பும். ஒரு நிமிஷத்தில் தீ மூச்சடங்கிவிடும். உள்ளே மனிதன் இருந்தால் அவனும்தான். அந்தக் கைப்பிடிக்குப் பட்டியலில் சொல் எதுவும் போடாமல் காலியாக விட்டிருந்தார்கள். பழைய தகட்டில் இருந்தது ஒரே சொல், அதற்கு 'விடு' என்று அர்த்தம். தகடோ மூன்று விரல் அகலம். நீட்டி முழக்க இடமில்லை. அவள் யோசித்துவிட்டு 'வாயு விடு' என்று வெட்டி மாட்டினாள்.

மந்திரி வருவதற்கு முந்தின நாள் அதிகாரிகள் கூட்டமாக ஒத்திகை பார்க்கக் கப்பலுக்குள் நடந்தார்கள். தகடு கழன்றால் மாட்டுவதற்குத் திருப்புளியோடு அவளும் பின்னால் போனாள். சிவப்புப் பெட்டிக்கு முன்னால் ஓர் இளம் கடற்படை அதிகாரி நின்று, சத்தமாகப் படித்தார். "வாயு விடு." படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ ஒருவர் பின்னாலிருந்து, "உத்தரவு சார்!" என்று சல்யூட் அடிக்க, கூட்டமே குலுங்கிச் சிரித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். தகட்டக்காவும் சிரித்தாள். நாலு மாதம் இடுப்பொடிய உட்கார்ந்தவளுக்கு அந்தச் சிரிப்பு சுகமாக இருந்தது.

அகராதி மட்டும் சீக்கிரம் சிரிப்பை நிறுத்தினார். "நாளைக்கு மந்திரி கூட பத்திரிகைக்காரன் வருவான்மா. இத ஃபோட்டோ எடுத்துப் போட்டா நம்ம மானம் கப்பலேறிடும்."

"ஏற்கெனவே கப்பல்லதான் சார் இருக்கோம்," என்றார் இளம் அதிகாரி. மறுபடி சிரிப்பு.

"வெளியேற்றுன்னு மாத்திடுங்க. வாயு வெளியேற்று. கௌரவமா இருக்கு பாருங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். கௌரவமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் அவள் வெட்டிக்கொண்டுவந்து மாட்டினாள். எதை எதிலிருந்து வெளியேற்றுவது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் மந்திரி வந்தார், பார்த்தார், அறுபத்திரண்டு என்று மைக்கில் இரண்டு தடவை சொன்னார். கைதட்டிய கூட்டத்தில் அவளும் இருந்தாள்.

ஒன்பதாவது நாள் எஞ்சினை முதன்முதலாக முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆள் போதாமல் வேறு கப்பலிலிருந்து சிலரை இழுத்துவந்திருந்தார்கள். தம்பி அவர்களில் ஒருவன். அந்தக் கப்பலில் அவனுக்கு அது நாலாவது நாள். மச்சானும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே எஞ்சினோடு இருந்தார்கள். தம்பி வாசலுக்கு வெளியே குழாய் இணைப்பில் கசிவு பார்த்துக்கொண்டிருந்தான். புகைபோக்கிக் குழாயின் மேல் சுற்றியிருந்த உறையில் புதுப் பெயிண்ட் சூடேறிக் கருக ஆரம்பித்தது. தீ இல்லை, வெறும் புகை. புது எஞ்சினில் அது நடப்பதுதான். அந்த நேரம் பார்த்து ஃபேன் நின்றுபோயிருந்தது. மச்சான் கதவைக் கொஞ்சம் திறந்து முகத்தை நீட்டினான். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது.

"டேய், காத்தே வரல. இந்தப் பொகைய வெளிய தள்ள எதாவது இருக்கா பாரு. நான் எஞ்சின நிறுத்திட்டு வந்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. தம்பி ஃபேன் ஸ்விட்சைத் தேடினான். அவன் தோளுக்கு நேரேயே ஒரு பொத்தான் இருந்தது. அதன் மேல் வளிபெயர்ப்பி என்று இருந்தது. அது என்ன எழவு என்று தெரியாமல் தாண்டிப் போனான். அடுத்தது சிவப்புப் பெட்டி. வாயு வெளியேற்று. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்து, பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தான்.

இழுத்ததும் அபாய மணி அடித்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாயு பாய வேண்டும். உள்ளே இருப்பவர்கள் ஓடிவர அந்த அவகாசம். ஆனால் மணியைச் செய்து தரவேண்டிய உள்நாட்டுக் கம்பெனி இன்னும் தரவில்லை. மணி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவரும், 'அபாய மணி' என்ற தகடும் இருந்தன. தகட்டை எண்ணியாகிவிட்டது, மணி வந்தால் வரட்டும் என்று விட்டிருந்தார்கள். உள்ளே சீறுகிற சத்தம் தம்பிக்குக் கேட்டது.

"சத்தம் கேட்டதும் சந்தோஷப்பட்டேன்கா," என்று அன்றைக்குச் சாயங்காலம் அவன் அக்காவிடம் சொன்னான். "பொகை வெளிய போவுதுன்னு நெனச்சேன். ரெண்டு நிமிஷம் சந்தோஷமா நின்னுட்டு இருந்தேன்கா."

மூன்று பேரையும் எஞ்சின் அறைக்குள், கதவுக்கு ஏறிவரும் ஏணியடியில் எடுத்தார்கள். மச்சானின் கை ஏணியின் மூன்றாவது படியில் இருந்தது.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. அண்ணனின் உடலை எடுத்துக்கொண்டுபோன பிறகு தம்பி மனைவி புருஷனோடு பேசவில்லை. திட்டவும் இல்லை. சாப்பாடு வைப்பாள், தட்டை எடுப்பாள், துணியைத் துவைத்துப் போடுவாள். திட்டித் தொலைத்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். போலீஸ் இரண்டு தடவை வந்து எழுதிக்கொண்டு போனது. மூன்று பேர் சாவுக்கு அவன்தான் காரணம் என்று வழக்குப் போடலாமா வேண்டாமா என்பதை விசாரணைக் குழு சொல்ல வேண்டும். தகட்டக்காவுக்குத் தூக்கமும் பசியும் போய், இந்த ஒன்றே நினைப்பாயிற்று. அவனைக் கொலைகாரன் என்று ஒரு தாளில் எழுதவிடக் கூடாது.

விசாரணைக்கு நாலு நாள் முன்பு தொழிற்சங்கத் தலைவர் வந்தார். நல்ல மனுஷர், அவளுக்கு வேலை நிரந்தரமானதே அவர் நின்று போராடித்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தகடு தப்புன்னு நீ சொல்லப்போறதா கேள்விப்பட்டேன்மா."

"தப்புதானே அண்ணே."

"ஒரு தகடு தப்புன்னா எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவான். அறுபத்திரண்டு முப்பத்து மூணுக்கு வந்துடும். அடுத்த ரெண்டு கப்பலும் வெளிநாட்டுக்குப் போயிடும். நாலாயிரம் குடும்பம்மா. செத்தவங்க வீட்டு ஆளுங்களுக்கு வேலை தரேன்னு இருக்காங்க, தளமே இல்லன்னா எங்க தருவாங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் சுவர்ப்பக்கமிருந்து தம்பி, "நீ எதுவும் சொல்லாதக்கா. நான்தானே இழுத்தேன்," என்றான். தம்பி மனைவி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

தகட்டக்கா நாலு நாளும் யோசித்தாள். நாலாயிரம் குடும்பம் என்பது அவளுக்கு வெறும் எண் இல்லை. தெருவில் இறங்கினால் எதிரே வருகிற முகங்கள் அவை. ஆனாலும் ஐந்தாம் நாள் காலையில் முடி வாரிக்கொண்டு கிளம்பும்போது அவள் மனதில் தம்பி மட்டும்தான் இருந்தான். நியாயம், உண்மை என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். தம்பிக்காகத்தான் போனாள்.

குழுவில் மூன்று பேர். அந்தத் தகட்டைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளர் பக்கத்தில் மேஜைமேல் வைத்திருந்தார்கள். அகராதி அவளுக்கு முன்னால் சாட்சி சொல்லிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள சொல்தான் என்று அவர் கொடுத்த பட்டியலையும் அவளிடம் காட்டினார்கள். காலியாக இருந்த வரியில் இப்போது 'வாயு வெளியேற்று' என்று இருந்தது. தேதி ஐந்து மாதத்துக்கு முந்தியது.

"இது அப்ப காலியா இருந்துச்சுங்க. நான் வாயு விடுன்னு வெட்டினேன். சிரிப்பு வருதுன்னு இவர்தான் மாத்தச் சொன்னார்."

"எழுத்துல குடுத்தாரா?"

"வாயாலதான்."

குழுத் தலைவர் தகட்டை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "வாயு வெளியேற்று. வாயுவை சிலிண்டர்லேருந்து வெளியேற்றணும். தெளிவாத்தானே இருக்கு?"

"உங்களுக்குத் தெளிவா இருக்கும் ஐயா. பெட்டிக்குப் பின்னாடி சிலிண்டர் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். அன்னிக்குச் சிரிச்ச எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சவங்களே படிச்சுப் பார்த்து, தெரிஞ்சவங்களே நல்லா இருக்குன்னு சொல்லிட்டோம். தெரியாம படிச்ச ஒரே ஆள் என் தம்பிதான். அறைக்குள்ள பொகை, வாயு வெளியேற்றுன்னு இருக்கு. நீங்களா இருந்தா என்ன ஐயா செஞ்சிருப்பீங்க?"

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். தலைவர் தகட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அவள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். பிறகு தலைவர், "கேள்வி கேட்கிறது நாங்கம்மா. நீங்க போகலாம்," என்றார்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. தாய்மொழியில் தெளிவாக எழுதப்பட்டிருந்த அறிவிப்பைத் தொழிலாளி கவனக்குறைவால் தவறாகப் புரிந்துகொண்டார். வழக்குத் தொடரலாம். அபாய மணியைப் பற்றி, வரும் காலத்தில் உரிய நேரத்தில் பொருத்தப்பட வேண்டும் என்று ஒரு வரி. அத்தோடு ஒரு முன்னெச்சரிக்கை: ஒவ்வொரு தகட்டுக்கும் பக்கத்தில் அதை விளக்கி இன்னொரு தகடு வைக்கப்பட வேண்டும்.

இன்னும் பதினோராயிரத்து நானூறு. உள்நாட்டுப் பங்கு எழுபதைத் தாண்டியது. இரண்டு கப்பலும் தளத்துக்கே கிடைத்தன. பட்டாசுதான் வெடிக்கவில்லை, தெருவே சிரித்த முகமாக இருந்தது. தகட்டக்காவை முறைத்துக்கொண்டு திரிந்தவர்கள், "எல்லாம் உன் கைராசிக்கா" என்று வலிய வந்து பேசினார்கள். அவர்கள்மேல் கோபப்படவும் அவளால் முடியவில்லை. தம்பிக்கு இரண்டரை வருஷம் சிறை என்று தீர்ப்பான அன்று அவனைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது, ஏதோ நினைத்துக்கொண்டவன் மாதிரி வண்டிக் கதவில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்துவிட்டு ஏறினான். அதைப் பார்த்தபோதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

வேலையை விட்டுவிடலாம் என்று ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். விட்டால் வேறு யாராவது வெட்டுவார்கள். அகராதி விளக்கத் தகடுகளுக்குப் புதுப் பட்டியல் தயாராக வைத்திருந்தார். அவள் மறுபடி போனாள். பட்டியலில் உள்ள வாசகங்களை ஒரு தாளில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தம்பி மனைவி வாசல்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கப்பலைத் தூரத்திலிருந்து பார்த்ததைத் தவிர அவளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"இதப் படி. ஒவ்வொண்ணுக்கும் உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு. சரியா தப்பான்னு யோசிக்காத."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. படித்தாள். சிலதற்குச் சரியாகச் சொன்னாள். சிலதற்குத் தலைகீழாகச் சொன்னாள். அவற்றைத் தகட்டக்கா அடித்துவிட்டு, வேறு சொல் எழுதி மறுபடி கேட்டாள். வளிபெயர்ப்பி என்றதற்கு, "பறக்கிற பூச்சி எதாவதா அண்ணி?" என்றாள். தகட்டக்கா அதை அடித்துவிட்டு ஃபேன் என்று எழுதினாள். அகராதி வந்து கேட்கட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தது அவளுக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படிப் போனது. சாவுக்குப் பிறகு இரண்டு பேரும் இவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

கடைசியாக, பட்டியலில் இல்லாத ஒன்றை அவள் தன் கையெழுத்தில் எழுதி நீட்டினாள். சிவப்புப் பெட்டிக்கு உரியது அது. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை.

தம்பி மனைவி வாங்கி, மெதுவாகப் படித்தாள். "இழுத்தால் உள்ளே இருப்பவர்கள் செத்துப்போவார்கள்."

"என்ன தோணுது?"

அவள் தாளைப் பிடித்தபடியே இருந்தாள். படித்தது போதாமல் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக இன்னொரு தடவை படித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"இத அப்பவே எழுதியிருக்கக் கூடாதா அண்ணி?"